சுடானி ஃப்ரம் நைஜீரியா: கட்டிலில் கிடக்கும் ஆட்டக்காரனும் வீட்டுக்குள் கால் வைக்கத் தயங்கும் அப்பாவும்

கேள்வி இதுதான்: "மலையாளத்தில் வந்த 'சுடானி ஃப்ரம் நைஜீரியா'வைக் கால்பந்துப் படம் என்று நம்பி உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்திலேயே ஆட்டக்காரன் கால் உடைந்து கட்டிலில் படுத்துவிட்டான். அதற்கப்புறம் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. இதற்கு ஏன் இத்தனை விருது, இத்தனை கொண்டாட்டம்? வயதான என் அம்மாவோடு சேர்ந்து பார்க்கலாமா?"

மைதானத்தை எதிர்பார்த்து உட்கார்ந்தவருக்கு ஏமாற்றம் வரத்தான் செய்யும். போஸ்டரில் பந்து, தொடக்கத்தில் ஆரவாரம், ஒரு வெளிநாட்டு நட்சத்திர வீரன், கடன்பட்ட மேனேஜர். இவ்வளவையும் காட்டிவிட்டால், இறுதிப் போட்டியில் கடைசி நிமிட கோல் வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இயக்குநர் ஸகரியா அந்த வழியில் போகவில்லை. நைஜீரியாவிலிருந்து வந்த ஆட்டக்காரன் சாமுவேலைக் குளியலறையில் வழுக்கி விழவைத்து, மலப்புரத்தில் ஒரு சாதாரண வீட்டின் அறைக்குள் கொண்டுபோய்ப் படுக்க வைக்கிறார். மைதானத்தில் இருந்தவரை அந்த வீட்டில் யார் எவ்வளவு தனியாக இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஓட முடியாமல் ஒருவன் நடுவீட்டில் படுத்த பிறகுதான் அது ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. அதனால்தான் எனக்கு இந்தப் படம் சாமுவேல் விழும் இடத்தில் தொடங்குகிறது.

வட கேரளத்து மலபார் பக்கம் பழக்கமில்லாதவர்களுக்காக, படத்தில் வரும் செவன்ஸ் கால்பந்து பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் படத்தின் பாதி நியாயம் பிடிபடாது. அணிக்கு ஏழு பேர், சின்ன மைதானம், இரவில் விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம். மழை ஓய்ந்ததும் தொடங்கி அடுத்த மழைக்கு முன்பு வரை மலப்புரம், கோழிக்கோடு, பாலக்காடு, திருச்சூர், கண்ணூர் என்று ஊர் ஊராகப் போட்டி நடக்கும். அறுவடை முடிந்த வயலில்கூட மூங்கிலும் பாக்கு மரமும் வைத்து கேலரி கட்டிவிடுவார்கள். டிக்கெட் வாங்கி ஆயிரக்கணக்கில் ஜனம் உட்காரும். அல் மதீனா செர்ப்புளச்சேரி, ஃபிஃபா மஞ்சேரி, சபான் கோட்டக்கல், சூப்பர் ஸ்டுடியோ மலப்புரம் என்று அணிகளின் பெயரிலேயே அந்த ஊரும் கடையும் ஸ்பான்சரும் தெரியும். நைஜீரியா, கானா, ஐவரி கோஸ்ட், லைபீரியா நாடுகளிலிருந்து வரும் வீரர்கள்தான் இதில் பெரிய ஈர்ப்பு. அவர்கள் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் ஊர் ஜனத்துக்கு எல்லோரும் 'சுடானி'தான், அதாவது சூடான்காரர்கள். படத்தின் தலைப்பு அங்கிருந்து வந்தது.

இந்த ஆட்டம் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் அங்கீகாரத்துக்கு வெளியே நடப்பது. சம்பளமெல்லாம் வாய்ப்பேச்சு, சீசன் கணக்கு, ஆட்டக் கணக்கு. முறையான லீக்கில் ஆடுகிறவனுக்குக் காயம் பட்டால் பார்த்துக்கொள்ள ஓர் அமைப்பு இருக்கும். இங்கே மேனேஜர்தான் அமைப்பு. மேனேஜரிடம் பணம் இல்லையென்றால் அமைப்பும் இல்லை. படத்தில் எம்.ஒய்.சி. ஆக்கோடு அணியின் மேனேஜர் மஜீத் ஏற்கெனவே கடனில் இருக்கிறான். ஆஸ்பத்திரிச் செலவு கட்டுப்படியாகவில்லை, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளவும் ஆளில்லை. அதனால் சாமுவேலை வீட்டுக்குத் தூக்கி வருகிறான். நட்பின் பேரால் அல்ல, வேறு வழியில்லாமல். இதை ஸகரியாவும் உடன் எழுதிய முஹ்ஸின் பராரியும் மறைக்கவே இல்லை. முதல் காட்சியிலேயே தோளில் கைபோட்டுப் பாட்டுப் பாடும் நண்பர்களாகக் காட்டியிருந்தால் எனக்கு ஒரு கணமும் நம்பிக்கை வந்திருக்காது.

இனி வீட்டுக்குள் வருவோம். அந்த வீட்டில் மஜீதின் அம்மா ஜமீலா இருக்கிறார். பக்கத்து வீட்டு பீயும்மா கிட்டத்தட்ட அங்கேயேதான். மஜீத் எப்போதாவது தலைகாட்டுவான், சாப்பிடுவான், போய்விடுவான். அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசமாட்டான். காரணம், அம்மா இரண்டாவது திருமணம் செய்துகொண்டது. அந்த மனிதரை மஜீதால் அப்பாவாக ஏற்க முடியவில்லை. மஜீதுக்கும் முப்பதைத் தாண்டியும் கல்யாணம் கூடவில்லை. பெண் பார்க்கப் போகிற இடத்தில் எல்லாம் என்ன வேலை என்று கேட்கிறார்கள். செவன்ஸ் அணியின் மேனேஜர் என்பது அங்கே ஒரு பதிலாகவே எடுபடுவதில்லை. சௌபின் ஷாஹிர் இந்த இடங்களில் செய்வது மிகக் குறைவு: ஒரு அசட்டுச் சிரிப்பு, சட்டென்று திரும்பும் பார்வை, அவ்வளவுதான். அதுவரை அவரைச் சிரிக்கவைக்கும் துணை நடிகராகப் பார்த்துப் பழகிய ரசிகர்களுக்கு அது புதிதாக இருந்தது. 2018ஆம் ஆண்டுக்கான கேரள மாநிலச் சிறந்த நடிகர் விருதை ஜெயசூர்யாவுடன் அவர் பகிர்ந்துகொண்டது இந்தப் படத்துக்காகத்தான்.

சாமுவேல் வந்து படுத்ததும் ஜமீலாவுக்கும் பீயும்மாவுக்கும் திடீரென்று ஒரு வேலை கிடைக்கிறது. வேலை என்று சொல்வதுகூடக் குறைவு. ஊட்டுவதற்கு ஒரு வாய், விசாரிப்பதற்கு ஓர் ஆள், எழுந்து போய்விட முடியாத ஒரு பிள்ளை. பெற்ற மகன் தட்டை வைத்துவிட்டு ஓடிவிடுகிற வீட்டில், யாரோ பெற்ற பிள்ளை நாள் முழுக்கக் கட்டிலில் இருக்கிறான். இருவருக்கும் ஆங்கிலம் தெரியாது. அவனுக்கு மலையாளம் தெரியாது. ஆனாலும் அவர்கள் பேசுவதை நிறுத்துவதில்லை. மலப்புரத்து மலையாளத்தில் முழு வாக்கியங்களாக, பதில் வரும் என்ற நம்பிக்கையோடு பேசுகிறார்கள். மெதுவாக உடைத்து உடைத்துப் பேசுவதோ, குரலை உயர்த்திப் புரியவைக்க முயல்வதோ இல்லை. பக்கத்து வீட்டுப் பையனிடம் பேசுவதுபோலவே பேசுகிறார்கள். அவன் ஆங்கிலத்தில் ஏதோ சொல்கிறான். இரண்டு பேச்சும் ஒன்றையொன்று தொடாமலே போய், எப்படியோ சாப்பாடு, மருந்து, வலி, சிரிப்பு எல்லாம் சரியாக நடந்துவிடுகிறது. படத்தில் நான் அதிகம் சிரித்த இடங்கள் இவைதான். கவனித்துப் பாருங்கள், சிரிப்பு ஒருபோதும் சாமுவேலின் நிறத்தைப் பார்த்து வருவதில்லை. ஊராரின் அப்பாவித்தனத்திலும் மஜீதின் தட்டுத் தடுமாறிய ஆங்கிலத்திலும் இருந்துதான் வருகிறது. நம் மொழிப் படங்களில் ஆப்பிரிக்கர்களை எத்தனை மலிவாகக் காட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

ஊரே நோயாளியைப் பார்க்க வருவதும் அப்படித்தான். மலபாரில் காயம்பட்டவனைப் போய்ப் பார்ப்பது ஒரு கடமை. தெரிந்தவனா தெரியாதவனா என்ற பேச்சு அங்கே இல்லை. வாசலில் செருப்புகள் குவிகின்றன. வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். சாமுவேல் ஒன்றும் புரியாமல் எல்லோருக்கும் புன்னகைக்கிறான். சத்தத்தோடு ஓடும் வேடிக்கைக்கு நடுவே அவனுடைய முகத்தை மட்டும் பாருங்கள். இத்தனை பேர் சூழ இருந்தும் தன் பாட்டியைப் பற்றி, தங்கைகளைப் பற்றி அவன் வாய்விட்டுச் சொல்ல அங்கே யாரும் இல்லை. சாமுவேலாக நடித்த சாமுவேல் அபியோலா ராபின்சன் நைஜீரிய நடிகர், கால்பந்து வீரர் அல்ல. மைதானத்தில் ஓடும் காட்சிகளைவிடப் படுத்திருக்கும் காட்சிகளில் அவர் வலுவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஜமீலாவாக வரும் சாவித்ரி ஸ்ரீதரனும் பீயும்மாவாக வரும் சரஸா பாலுசேரியும் கோழிக்கோட்டு நாடக மேடையில் காலம் கழித்தவர்கள். சினிமா ரசிகர்களில் பலருக்கு அதுவரை அவர்கள் பெயரே தெரியாது. மாநில விருதுக் குழு சிறந்த குணச்சித்திர நடிகை விருதை இருவருக்கும் பிரித்துக் கொடுத்தது. யாரோ ஒருவருக்கு மட்டும் கொடுத்திருந்தால் அநியாயமாக இருந்திருக்கும். ஒருவர் இல்லாமல் மற்றவர் படத்தில் இல்லை. ஒருவர் தொடங்கும் வாக்கியத்தை மற்றவர் முடிக்கிறார். ஒருவர் அழ ஆரம்பித்தால் மற்றவர் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறார். தனிமையில் இருக்கும் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் எப்படித் தாங்கிப் பிடிக்கிறார்கள் என்பது இந்தப் படத்தின் சொல்லப்படாத இன்னொரு நட்புக் கதை. மஜீத், சாமுவேல் நட்பைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்காமலே தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த மனிதரிடம் வருகிறேன். ஜமீலாவின் இரண்டாவது கணவர். கே.டி.சி. அப்துல்லா நடித்திருக்கிறார், அவரும் கோழிக்கோட்டு நாடகக்காரர். காவலாளி வேலை பார்க்கும் வயதான மனிதர். மனைவி வீட்டுக்கு வரும்போதுகூட, மஜீத் இருக்கிறானா என்று பார்த்துக்கொண்டுதான் வருவார். அவன் இருந்தால் உட்காரமாட்டார். ஏதோ சாக்குச் சொல்லிக் கிளம்பிவிடுவார். கோபப்படுவதில்லை, குறைசொல்வதில்லை. தான் அங்கே தேவைப்படாதவன் என்பதை உடம்பிலேயே எழுதிக்கொண்டவர்போல, தோளைக் குறுக்கி நடக்கிறார். படம் முழுக்க அவருக்கு வசனம் மிகக் குறைவு.

அவர் சாமுவேலைப் பார்க்க வரும் காட்சி ஒன்று இருக்கிறது. தெரிந்த நாலு ஆங்கிலச் சொற்களை வைத்துக்கொண்டு, தான் மஜீதின் அப்பா என்று அந்த வெளிநாட்டுப் பையனிடம் அறிமுகம் செய்துகொள்கிறார். வேறு யாரிடமும் அவரால் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. ஊருக்குத் தெரியும் அவர் அப்பா இல்லை என்று. மஜீத் கேட்டால் என்ன செய்வானோ என்ற பயம் வேறு. கதை முழுசாகத் தெரியாத, மொழி தெரியாத ஒருவனிடம்தான் அந்த ஒரு சொல்லை அவரால் சொல்ல முடிகிறது. அவர் முகத்தில் கூச்சமும் பெருமையும் சேர்ந்து வருகின்றன. கே.டி.சி. அப்துல்லா 2018 நவம்பரில் காலமானார். படம் வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இந்தக் காட்சிதான்.

"பெரிதாக எதுவும் நடக்கவில்லை" என்று நீங்கள் சொன்னதற்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. அந்த வீட்டில் தனிமையில் இருக்கும் எல்லோருக்கும் சாமுவேல் மூலமாக ஏதோ கிடைக்கிறது. அம்மாக்களுக்குப் பிள்ளை கிடைக்கிறான், கிழவருக்குத் தன்னை அப்பா என்று சொல்லிக்கொள்ள ஒரு காது. மஜீதுக்குக் கிடைப்பதுதான் தாமதமாகிறது. அவன் சாமுவேலுக்கு எல்லாம் செய்கிறான், ஓடுகிறான், கடன் வாங்குகிறான், போலீஸிடம் மன்றாடுகிறான். ஆனால் சாமுவேல் என்ன இழந்திருக்கிறான் என்பது அவனுக்குத் தெரியாது. பாஸ்போர்ட் சிக்கல் வந்து, தான் அகதியாக இருந்து போலிப் பாஸ்போர்ட்டில் வந்தவன் என்பதைச் சாமுவேல் சொல்லும் இடத்தில்தான் அது உடைகிறது. பெற்றோர் இல்லை. வளர்த்த பாட்டியும் அவன் இங்கே படுத்திருக்கும்போதே இறந்துபோகிறாள். போய் முகம் பார்க்கக்கூட முடியவில்லை. முகமே பார்க்காத அந்தப் பாட்டிக்காக ஜமீலாவின் வீட்டில் பிரார்த்தனை நடக்கிறது. இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்த மஜீத், தன் வீட்டிலேயே உயிரோடு இருக்கும் அம்மாவிடமும், அப்பா என்று அழைத்துக்கொள்ள ஏங்கும் அந்த மனிதரிடமும் எப்படி நடந்துகொண்டோம் என்று யோசிக்கிறான். யோசிக்கிறான் என்று வசனம் எங்கும் இல்லை. முகத்தில் தெரிகிறது.

விமான நிலையத்தில் இருவரும் ஆட்டம் முடிந்த வீரர்களைப்போலச் சட்டையை மாற்றிக்கொள்வது எல்லோருக்கும் நினைவிருக்கும் காட்சி. அழகான காட்சிதான். ஆனால் அத்தோடு படம் முடிந்திருந்தால் இது நல்ல நட்புப் படம் என்ற அளவில் நின்றிருக்கும். சாமுவேல் போன பிறகு மஜீத் அந்தக் கிழவரை வீட்டுக்குக் கூப்பிடுகிறான் பாருங்கள், அதுவரை வந்த அத்தனை காட்சிகளும் அதற்காகத்தான் வந்திருக்கின்றன. நீங்கள் எதிர்பார்த்த அந்தக் கடைசி நிமிட கோலை என்னைக் கேட்டால் மஜீத் இங்கேதான் போடுகிறான்.

படத்தில் எனக்குக் குறையும் தெரிகிறது. சாமுவேலின் ஊரைக் காட்டும் பகுதி பலவீனமானது. சண்டை, முகாம், தண்ணீர்ப் பஞ்சம், பசி என்று 'ஆப்பிரிக்கா' என்றதும் செய்திகளில் வரும் பொதுவான படங்களாகவே அது இருக்கிறது. நைஜீரியாவில் எந்தப் பகுதி, எந்தக் கலவரம், எந்த மொழி பேசுகிற குடும்பம் என்று எதுவும் இல்லை. மலப்புரத்தின் ஒவ்வொரு சமையலறையையும் இத்தனை துல்லியமாகத் தெரிந்து எழுதியவர்கள், நாயகனின் ஊரை மட்டும் மங்கலாக விட்டுவிட்டார்கள். ஜமீலாவுக்கு ஒரு பழைய வாழ்க்கை இருப்பது நமக்குத் தெரிகிறது. சாமுவேலுக்குத் துயரம் மட்டும்தான் இருக்கிறது, சேட்டையோ சண்டையோ பழைய காதலோ இல்லை. அதனால் அவன் சில இடங்களில் மனிதனாக இல்லாமல் மற்றவர்களின் நல்ல மனதை வெளியே கொண்டுவரும் கருவியாகிவிடுகிறான். நட்பு இரண்டு பக்கமும் சமமாக எழுதப்படவில்லை என்பது என் கருத்து.

திரைக்கு வெளியேயும் ஒரு சங்கடம் நடந்தது. படம் வெற்றிபெற்ற பிறகு, தன் நிறத்தால்தான் தனக்குக் குறைந்த சம்பளம் தரப்பட்டது என்று ராபின்சன் ஃபேஸ்புக்கில் எழுதினார். சின்ன பட்ஜெட் படம், முன்பே ஒப்புக்கொண்ட தொகைதான் என்று தயாரிப்பாளர்கள் சமீர் தாஹிரும் ஷைஜு காலிதும் பதில் சொன்னார்கள். பிறகு பேசித் தீர்த்து, கூடுதல் தொகை கொடுக்கப்பட்டு, அது நிறவெறி இல்லை என்று அவரே சொன்னார். செவன்ஸ் மைதானம் இன்றும் படத்தில் வரும் வீட்டைப்போல இல்லை. 2024 மார்ச்சில் அரீக்கோடு அருகே நடந்த ஒரு போட்டியில் ஐவரி கோஸ்ட் வீரர் ஒருவரைப் பார்வையாளர்கள் துரத்தி அடித்தார்கள். நிறத்தைச் சொல்லித் திட்டினார்கள் என்று அவர் போலீஸில் புகார் கொடுத்தார். படம் காட்டிய அன்பு பொய் என்று இதை வைத்து நான் சொல்லமாட்டேன். அதே மாவட்டத்தில் இரண்டும் நடக்கிறது.

விருதுகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சௌபினுக்கும் அந்த இரண்டு அம்மாக்களுக்கும் கிடைத்ததைச் சொன்னேன். அதே மாநில விருதுகளில் ஜனரஞ்சகமும் கலைத்தரமும் கொண்ட படம், சிறந்த அறிமுக இயக்குநர், சிறந்த திரைக்கதை ஆகியவையும் இதற்கே வந்தன. தேசிய அளவில் சிறந்த மலையாளப் படம் என்ற விருதும், சாவித்ரி ஸ்ரீதரனுக்குச் சிறப்புக் குறிப்பும். 2019 டிசம்பரில் அந்தத் தேசிய விருது விழாவுக்குப் போகமாட்டோம் என்று இயக்குநரும் எழுத்தாளரும் தயாரிப்பாளர்களும் அறிவித்தார்கள். குடியுரிமைத் திருத்தச் சட்டத்தையும் தேசியக் குடிமக்கள் பதிவேட்டையும் எதிர்த்து எடுத்த முடிவு. காகிதம் சரியில்லாத ஒருவனைத் தன் வீட்டுப் பிள்ளையாக வைத்துக்கொண்ட குடும்பத்தைப் பற்றிப் படம் எடுத்தவர்கள் அப்படி முடிவெடுத்ததில் எனக்கு வியப்பில்லை.

அம்மாவோடு பார்ப்பது பற்றி: தாராளமாகப் பாருங்கள். என்னைக் கேட்டால் தனியாகப் பார்ப்பதைவிட அதுதான் நல்லது. ஆபாசமோ ரத்தமோ இல்லை, கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம்தான் ஓடும். மலப்புரத்துப் பேச்சு, திருவனந்தபுரம் பக்கத்து மலையாளம் கேட்டுப் பழகியவர்களுக்கே முதலில் கொஞ்சம் தடுமாறும். எனவே சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு எழுத்தைத் துரத்திப் படிப்பது சிரமம் என்றால், முதல் அரைமணி நேரம் மட்டும் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து யார் யாருக்கு என்ன உறவு என்று சொல்லிவிடுங்கள். குறிப்பாக ஜமீலாவின் இரண்டாவது கல்யாண விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அது தெரியாவிட்டால் அந்தக் கிழவர் யாரோ வீட்டு வேலைக்காரர் என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டு. சாமுவேல் வீட்டுக்கு வந்த பிறகு நீங்கள் சொல்ல வேண்டியது அதிகம் இருக்காது. பிடித்திருந்தால் ஸகரியாவே 2020இல் எடுத்த 'ஹலால் லவ் ஸ்டோரி'யையும் அடுத்து போடுங்கள். அது வேறு மாதிரிப் படம், இதன் அளவுக்கு எனக்கு ஒட்டவில்லை, ஆனால் அதே மலபார், அதே மனிதர்கள்.